பொட்டு அழிந்த வட்டு

எங்கேயும் ஒரு தப்பும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்காரர் "கேஸ் மூடியாச்சு" என்பார். நான் எழுந்து போய்த் திருகிப் பார்ப்பேன்.

"மூடியாச்சுன்னு சொன்னனல்ல?"

"சொன்னீங்க. அதனாலதான் பார்க்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். ஆபீஸில் எனக்குச் சந்தேக ரேணு என்று பெயர். ரேணுகாதேவி என்பது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. இதில் எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி. 'அரண்' என்ற கர்னலை நாங்கள்தான் செய்கிறோம். ஓர் எந்திரத்துக்கு மின்சாரம் வந்ததும் அதற்குள் முதலில் எழுந்து உட்காரும் நிரல் அது. மற்ற நிரல்கள் எல்லாம் அதன் பேச்சைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். பாய்லர், லிஃப்ட், கழிவுநீர்த் தொட்டியின் மூடிப்பூட்டு என்று ஆள் உயிரோடு விளையாடுகிற எந்திரங்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கு அரண்தான் ஓடுகிறது. அது தன் வட்டில், அதாவது டிஸ்க்கில், எழுதி வைக்கும் குறிப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பார்க்க அதற்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. அந்தச் சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் பிரிவு. சோதனைக்கே சோதனை. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

எந்திரச் சாட்சியச் சட்டம் வந்த பிறகு இந்த வேலைக்குத் தனி கனம் வந்துவிட்டது. தொழிற்சாலையில் விபத்து நடந்தால் எந்திரத்தின் வட்டைக் கழற்றி எங்களிடம் அனுப்புவார்கள். எங்கள் அறிக்கை 'சுத்தம்' என்று சொன்னால், வட்டில் இருப்பதுதான் நடந்தது. குறுக்கு விசாரணை கிடையாது. மனிதர் பொய் சொல்வார், எந்திரம் சொல்லாது என்று மேஜையைத் தட்டி நிறைவேற்றிய சட்டம்.

அந்த வியாழக்கிழமை காலையில் மேனேஜர் கிருபாகரன் என் மேஜைக்குக் காபியோடு வந்தார். எனக்கும் சேர்த்து ஒரு டம்ளர். பத்து வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குக் காபி வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது.

"ரேணு மேடம், திருப்பூர் டிஸ்க் வந்துருச்சு. சுத்தம்! நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா திங்கக்கிழமை தீர்ப்பாயத்துல ஒரே சிட்டிங்ல முடிஞ்சுரும்."

"என்ன கேஸு?"

"சாயப்பட்டறை. கழிவுநீர்த் தொட்டி. ஒடிசாப் பையன் ஒருத்தன், சுக்ரா மாஜி, உள்ள எறங்கிச் செத்துட்டான். விஷவாயு இருக்கறப்ப மூடி தொறக்கவே தொறக்காதுங்கறதுதான் நம்ம பூட்டோட பெருமையே. ஆனா அவசரத்துக்கு சூப்பர்வைசர் தகட்டுல கை வெச்சா தொறக்கும். அந்தம்மா கை வெச்சிருக்கு. கோகிலவாணின்னு பேரு. பத்து வருஷமாச்சும் உள்ள போகும்."

"எதுக்கு வெச்சாளாம்?"

"வேலை சீக்கிரம் முடியோணும்னு அவசரமா இருக்கும். வெக்கவே இல்லைங்கறா. எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க?"

சரிதான் என்று எனக்கும் பட்டது. கை பதிந்திருந்தால் பதிந்ததுதானே? ஆனாலும் உடனே கையெழுத்துப் போடவில்லை. காபியை மட்டும் குடித்தேன்.

மத்தியானம் வரவேற்பிலிருந்து போன் வந்தது. கோகிலவாணி என்று ஒருத்தர் ஜாமீனில் வந்திருக்கிறாராம், என்னைப் பார்க்க வேண்டுமாம். விதிப்படி நான் பார்க்கக் கூடாது. ஆனால் பொய் சொல்கிறவள் எப்படிச் சொல்கிறாள் என்று பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. எதிரே இருக்கும் பேக்கரிக்கு வரச் சொன்னேன்.

முப்பது வயது இருக்கும். வெயிலில் பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பன்னை அவள் தொடவே இல்லை.

"அக்கா, எம்பட கை அங்க படவே இல்லீங்க்கா."

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம். கையைக் காட்டினால் ஆயிற்றா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"நெசமாவே வெக்கலையா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள்.

"நான் அந்தப் பக்கம் நூல் வண்டிக்குட்ட நின்னுட்டு இருந்தனுங்க. சுக்ரா அங்கிருந்து 'பச்சை தீதி'ன்னு கத்துனான். தீதின்னா அவங்க ஊருப் பேச்சுல அக்காங்க. தெனமும் அப்படித்தானுங்க. பச்சை லைட் எரிஞ்சா என்னைப் பார்த்துக் கத்திட்டுத்தான் எறங்குவான். பயந்த பையனுங்க்கா அவன். நான் கை வெச்சுத் தொறந்திருந்தா மஞ்சள்தான் எரியும். மஞ்சள்ல அவன் எறங்கவே மாட்டான். சொன்னா யாருமே காதுல வாங்க மாட்டீங்கறாங்க. டிஸ்க் சுத்தம், டிஸ்க் சுத்தங்கறாங்க. சுத்தம்னா என்னங்க்கா அர்த்தம்?"

நான் டீ டம்ளரை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னேன். "டிஸ்க்குல ரெண்டு சமாச்சாரம் இருக்கும்மா. ஒண்ணு சரக்கு. இன்னொண்ணு சரக்கைப் பத்தின குறிப்பு. எங்க இருக்கு, எப்ப வந்துச்சு, எவ்வளவு பெருசு, யார் கை பட்டுச்சுன்னு. ஒரு குறிப்பு சொல்றதுக்கு எதிர்மாறா இன்னொரு குறிப்பு சொல்லக் கூடாது. எதுவும் முட்டலைன்னா சுத்தம்."

"அப்ப உண்மையான்னு பார்க்க மாட்டீங்களா?"

"அது எப்படித் தெரியும்? நாங்க என்ன அங்க நின்னா பார்த்தோம்?"

"பொய்யைக் கோர்வையாச் சொன்னா?"

பேக்கரிக்காரர் பாக்கிச் சில்லறையைக் கொண்டுவந்து வைத்தார். அதை எடுத்துப் பர்சில் போட்டுக்கொண்டேன்.

"கோர்வையாச் சொன்னா சுத்தம்தான்" என்றேன்.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நீங்களாச்சும் ஒருக்கா நல்லாப் பாருங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நான் சிடுசிடுவென்று என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். அறிக்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சோதனை கக்கிய மூல வரிகளைத் திறந்தேன். சாதாரணமாக அதை யாரும் பார்ப்பதில்லை. கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

கண்ட தப்புகள்: பூஜ்யம்.

நீங்கள் கேட்கலாம், பூஜ்யம் நல்லதுதானே என்று. எங்கள் பிரிவில் பூஜ்யம் என்றால் பதறுவோம். காரணம் பொட்டு. குழந்தையை என்னதான் அழகாகக் குளிப்பாட்டிச் சிங்காரித்தாலும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைப்போம் இல்லையா, அந்தப் பொட்டுதான். முன்பு ஒரு தடவை எங்கள் சோதனை வெற்று வட்டைப் பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் 'தப்பில்லை, தப்பில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு வட்டிலும் வேண்டுமென்றே ஒரு தப்பை வைக்கிறோம். காலிக் கோப்பு ஒன்று. அதற்கு இரண்டு பெயர் இருப்பதாகக் குறிப்பு சொல்லும், தேடினால் ஒரு பெயர்தான் இருக்கும். யாருக்கும் தொந்தரவில்லாத தப்பு. சோதனை அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் விழித்திருக்கிறது என்று அர்த்தம். "பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் பிரிவில் எந்த வேலையையும் தொடங்குவோம்.

வெளியே போகிற எந்திரங்களிலும் பொட்டு இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சரி, வைத்துத் தொலையுங்கள், ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்றார்கள். அறிக்கை அச்சடிக்கும் நிரலை எழுதினவர், தப்பு ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் 'சுத்தம்' என்று போடும்படி எழுதிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். அதனால் தப்பு ஒன்று என்றாலும் சுத்தம், பூஜ்யம் என்றாலும் சுத்தம். அச்சடித்த தாளில் வித்தியாசமே தெரியாது.

இந்தத் திருப்பூர் வட்டில் பொட்டைக் காணவில்லை. யாரோ வட்டில் கை வைத்திருக்கிறார்கள். திருத்திவிட்டு, முட்டல் தெரியாமலிருக்க மொத்தத்தையும் துடைத்திருக்கிறார்கள். துடைத்த துடைப்பில் பொட்டும் போய்விட்டது. அரண் வட்டைத் துடைக்கும் கருவி எங்கள் கம்பெனிக்கு வெளியே கிடையாது. எங்கள் பிரிவின் கருவிக்குப் பொட்டைத் தெரியும், அதைத் தொடாது. அப்படியென்றால் கம்பெனிக்குள், என் பிரிவுக்கு வெளியே.

கிருபாகரன் வாங்கி வந்த காபி ஞாபகம் வந்தது. அப்புறம் தாரிக்கின் ஞாபகமும் வந்தது.

தாரிக் கர்னல் பிரிவில் மூத்தவன். கோட்டைமேட்டுக்காரன், கெட்டிக்காரன், என்னிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவன். வட்டைத் துடைக்கும் நிரல்கள் அத்தனையும் அவன் எழுதியவை. மறுநாள் காலையில் அவனைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"திருப்பூர் டிஸ்க்குல நீ கை வெச்சியா?"

"அக்கா!"

"வெச்சியா இல்லையா, அதைச் சொல்லு. எவ்வளவு குடுத்தாங்க?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "ரேணுக்கா, உங்களுக்கு இந்த ஒலகத்துல யார் மேலதான் சந்தேகம் இல்ல? நான் போய் ஒரு செத்தவன் விசயத்துல... ச்சே!"

"பொட்டு அழிஞ்சிருக்கு தாரிக்."

அவன் பேச வாயெடுத்து அப்படியே நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பொட்டை அழிச்சது நான் இல்லக்கா. ஆனா பொட்டை அழிக்கற ஒண்ணை எழுதி வெச்சிருக்கேன். முட்டல் வந்தா எந்திரம் நின்னு போயிருதுன்னு கஸ்டமருங்க கத்தறாங்களேன்னு, அதுவாவே சரி பண்ணிக்கற மாதிரி ஒண்ணு. 'சீராக்கி'ன்னு பேர் வெச்சேன். ஆனா அது இன்னும் வெளியவே போகல. நம்ம லேப் சர்வர்லதான் ஓடிட்டு இருக்கு."

"பார்த்துருவோம்."

பார்த்தோம். திருப்பூர்ப் பூட்டில் ஓடிய கர்னலில் சீராக்கி இருந்தது.

அவன் சொன்னதை நான் அப்போதும் முழுசாக நம்பவில்லை. நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்காமல் எதையும் நம்புவது என் தொழிலில் இல்லை. புது வட்டு ஒன்றில் பொட்டு வைத்தேன். அறையில் இருந்த பழைய மூடிப்பூட்டில் அதை மாட்டினோம். மேற்பார்வையாளர் என்று தாரிக்கின் கையைப் பதிவு செய்தோம். வாயுவை அளக்கும் சென்சாரின் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் செய்தி தாமதமாக வரும்படி செய்தோம். ஈரமான சாயப்பட்டறையில் அப்படி ஆவது சர்வ சாதாரணம்.

பூட்டு பழைய அளவை வைத்துக்கொண்டு, வாயு இல்லை என்று நினைத்தது. பச்சை எரிந்தது. மூடி தானாகத் திறந்தது. அப்புறம்தான் சென்சாரின் தாமதச் செய்திகள் வந்து சேர்ந்தன. மூடி திறப்பதற்கு முன்பே விஷவாயு இருந்தது என்று அவை சொல்லின. விஷவாயு இருந்திருக்கிறது, மூடியை எந்திரமே திறந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. முட்டல்.

விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அவ்வளவுதான். வட்டைக் கழற்றிச் சோதித்தேன். தப்புகள் பூஜ்யம். பொட்டு இல்லை. 'மூடியைத் திறந்தவர்' என்ற குறிப்பில் எந்திரத்தின் பெயரும் இல்லை.

தாரிக், மேற்பார்வையாளர், கை வைத்துத் திறந்தார்.

அவ்வளவு நேரமும் அவன் அறையின் மறு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இப்போதும் கட்டிய கையை எடுக்கவில்லை.

"ஏன்டா உன் பேரு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்க முட்டுதோ அங்க, எதை மாத்துனா வேற எதுவும் முட்டாதோ அதை மாத்துன்னு சொல்லியிருந்தேன்க்கா. எந்திரத்து மேல விதி இருக்கு, வாயு இருந்தா தொறக்கக் கூடாது. கடிகாரத்து மேல விதி இருக்கு, பின்னால போகக் கூடாது. சென்சார் மேல விதி இருக்கு. மனுசன் மேல மட்டும்..." திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தான். "மனுசன் மேல மட்டும் ஒரு விதியும் வெக்கல. மனுசன் எப்ப வேணா என்ன வேணா செய்வான், தப்புப் பண்ணுவான்னு விட்டுட்டேன். அதனால எங்க முட்டுனாலும் மனுசன் கையைப் போட்டா சரியாப் போயிரும்."

எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை, வந்தது. 'பச்சை தீதி' என்று கத்திவிட்டு இறங்கிய அந்தப் பையனை நினைத்து வந்தது. நீலச் சாயம் படிந்த இரண்டு கைகளை நினைத்து அதைவிட அதிகமாக வந்தது. பாவி, அவள் முகத்துக்கு நேராகவே 'நெசமாவே வெக்கலையா' என்று கேட்டேனே!

சீராக்கி வெளியே போன பிறகு நாங்கள் சுத்தம் என்று சொல்லி அனுப்பிய மற்ற வட்டுகளின் மூல வரிகளையும் எடுத்துப் பார்த்தோம். ஈரோட்டில் ஒரு பாய்லர்க்காரர். ஓசூரில் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். இன்னும் சிலர். எல்லாவற்றிலும் பூஜ்யம். எல்லாவற்றிலும் யாரோ ஒரு மனிதரின் கை. அவர்களெல்லாம் இப்போது சிறையில் இருந்தார்கள்.

தாரிக்கை இழுத்துக்கொண்டு கிருபாகரன் அறைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒவ்வொரு எந்திரத்துலயும் நாமளே ஒரு தப்பை வெச்சு அனுப்பறோம்னு ஊருக்கே தெரியும். ஒரு அறிக்கையும் நிக்காது. நெசமாவே கை வெச்சுக் கொன்னவனும் சேர்ந்து வெளிய வந்துருவான். இனிமே திருத்தறவன் பொட்டை விட்டுட்டுத் திருத்துவான். உங்க பொட்டும் செத்துப் போகும்."

"போகட்டும் சார். ஒரு பொம்பளை பத்து வருஷம் உள்ள போகப் போறா."

"சரி. சீராக்கியை லேப்ல இருந்து வெளிய விட்டது யாரு? லேப்ல இருந்து எதுவும் ஒரு ஆள் கை வெச்சு அனுமதி குடுக்காம ஃபேக்டரிக்குப் போகாதல்ல?"

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். காபி வாங்கித் தந்த கையாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் உறுதியாக இருந்தேன். அவர் தன் திரையில் அனுமதிக் குறிப்பைத் திறந்தார். அப்புறம் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

அனுமதித்தவர்: ரேணுகாதேவி, சோதனைப் பிரிவுத் தலைவர். கை வைத்து.

"நான் வெக்கல" என்றேன்.

கிருபாகரன் குறிப்பில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அந்தத் தேதில நான் இங்கயே இல்ல சார். சூலூர்ல நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. உங்ககிட்ட வாயால சொல்லிட்டுத்தான போனேன்!"

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லீங்களே."

நெசமாகவே ஞாபகமில்லையா, இல்லையென்று சொல்கிறாரா என்று அவர் கண்ணையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் குறிப்பு இருந்த லேப் சர்வரின் வட்டை அங்கேயே சோதிக்கச் சொன்னேன். தப்புகள் பூஜ்யம்.

"பாருங்க! இங்கயும் பொட்டு இல்ல. இதுலயும் சீராக்கிதான் ஓடுது. அனுமதிக் கட்டம் காலியா இருந்திருக்கு. அது முட்டல்னு நெனச்சு, அனுமதி தர உரிமை இருக்கற ஆளு யாருன்னு தேடி, அதுவே என் கையைப் போட்டுருச்சு. போட்டதும் அனுமதி கெடச்சுதுன்னு தானா எல்லா ஃபேக்டரிக்கும் போயிருச்சு. யாருமே அனுப்பல சார். தன்னைத்தானே வெளிய விட்டுக்கிச்சு!"

"இருக்கலாம்" என்றார் கிருபாகரன். "ஆனா பொட்டு வெச்சது நீங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் உங்களுக்குத்தான். அழிக்கறதுக்கும் உங்களுக்குத் தெரியும்னு ஒருத்தன் சொன்னா?"

தாரிக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு எனக்கு மெசேஜ் வந்துச்சுக்கா" என்றான் தணிந்த குரலில். "அனுமதி கெடச்சுதுன்னு. நீங்கதான் குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் அதை அனுமதி கேட்டு வந்த மெசேஜ்னு மாத்தி ஞாபகம் வெச்சுக்கிட்டு, சீராக்கி இன்னும் லேப்லதான் இருக்குதுன்னு நம்பிட்டனோ என்னமோ. எனக்கே இப்பக் கொழப்பமா இருக்கு."

"மேடம்" என்றார் கிருபாகரன், ரொம்ப அன்பாக. "திருப்பூர் அறிக்கைல கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்தக் கேள்வியே வராது. சீராக்கியை நாம சத்தமில்லாம எடுத்துரலாம். யோசிங்க."

இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்க என்ன இருந்தது? பயந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேஸ் மூடியாச்சு என்றபோது எழுந்து போய்ப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவர்தான் பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை விடிந்ததும் அந்தப் பழைய பூட்டையும் இரண்டு வட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினேன். கையெழுத்துப் போடாத அறிக்கையும் பையில் இருந்தது.

தீர்ப்பாயத் தலைவர் வயதானவர், நிதானமானவர். எந்திரச் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று கம்பெனி வக்கீல் எழுந்தார். "விசாரணை இல்லீங்க, காட்டத்தான் போறேன்" என்றேன். மேஜை மேல் பூட்டை வைத்தேன். மேற்பார்வையாளர் என்று தலைவரின் கையையே பதிந்துகொண்டேன். தயவுசெய்து கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். அவர் அப்படியே வைத்துக்கொண்டார். பச்சை எரிந்தது, மூடி திறந்தது, விளக்கு மினுக்கியது. வட்டைப் படித்துக் காட்டினேன்.

தலைவர் தன் பெயரைத் திரையில் பார்த்தார். அப்புறம் தன் மடியைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பொட்டைப் பற்றிச் சொன்னேன். பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னேன். ஈரோட்டுக்காரரைப் பற்றியும் ஓசூர்ப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கோகிலவாணி கூண்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மீதான வழக்கை அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்தார் தலைவர். மற்ற வழக்குகளையும் திரும்ப எடுக்கச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிம்மா" என்றார் தலைவர் என்னிடம். "இந்தச் சீராக்கியை வெளிய விட்டது யாரு?"

அனுமதிக் குறிப்பையும் நானே காட்டினேன். மறைத்தால் இன்னொருவர் காட்டுவார். என் கை அதில் பட்டதில்லை, அதையும் எந்திரமே போட்டுக்கொண்டது என்று விளக்கினேன்.

"அதை இதே மாதிரி நடத்திக் காட்ட முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. அந்த சர்வரை நேத்தே கம்பெனி சுத்தம் பண்ணிட்டாங்க. சீராக்கியை எடுக்கறோம்னு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. குறிப்போட நகல் மட்டும்தான் இருக்கு."

கம்பெனி வரிசையில் கிருபாகரன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வருத்தப்படுகிறவர்போல.

தலைவர் பேனாவை எடுத்து, கொஞ்ச நேரம் எழுதாமல் வைத்திருந்தார். நல்ல மனிதர், எனக்காக வருத்தப்பட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா ஒரு உயிர் போயிருக்கு. அந்தம்மா கை இல்ல. எந்திரத்துக்குக் கை கெடையாது. இதுல யாரு கையுமே இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதறது? எங்கயோ ஒருத்தர் கை இருந்துதான ஆகோணும்?"

அவர் எழுதினார். என் பெயரில் இரண்டு எழுத்துகள் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டு, சரியாக எழுதிக்கொண்டார்.

என் ஜாமீன் தாள்கள் தயாராகும்வரை என்னை வெளியே வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கோகிலவாணி ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி என்றும் அக்கா என்றும் மாறி மாறிச் சொன்னாள். நல்லா இரு, வீட்டுக்குப் போ, முதலில் ஏதாவது சாப்பிடு என்றேன். அவள் எழுந்தாள். இரண்டடி போனாள். அப்புறம் நின்று, திரும்பி வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்த அனுமதி... நெசமாவே வெக்கலையாக்கா?"

வெக்கலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குனிந்து பார்த்தால், என்னை அறியாமலேயே என் இரண்டு கைகளும் அவள் முன்னால் விரிந்திருந்தன.